உடன்பட்டவரின் பங்கு

திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகளைச் சொல்லி முடிகிறது: நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, அருகிலிருந்து கவனித்துக்கொள்பவர். சரக சம்ஹிதையும் சிகிச்சையின் நான்கு பாதங்கள் என்று இவற்றையே சொல்கிறது. அந்தக் காலத்திலும் வைத்தியம் தொழில்தான். வைத்தியருக்குக் கூலி உண்டு, மருந்துச் சரக்கு விற்றவருக்கு லாபம் உண்டு. ஆனால் நோயாளியை ஒருமுறைகூடப் பார்க்காமல், எந்த ஊரில் யாருக்கு என்ன நோய் என்று தெரியாமல், அறுவை நடக்க நடக்கத் தன் செல்வம் கூடுவதைக் காண்கிற ஒருவர் அந்த நான்கில் இல்லை. இன்று அப்படி ஒருவர் இருக்கிறார். அறுவை சிகிச்சை ரோபோ தயாரிக்கும் நிறுவனத்தில் பங்கு வாங்கியவர் அவர். அவர் கெட்டவர் அல்ல, பெரும்பாலும் பெரும் பணக்காரரும் அல்ல. ஓய்வுக்காலத்துக்கென்று மாதம் கொஞ்சம் சேமிப்பவராகவே இருக்கலாம். அவருக்கு வரும் லாபம் அறவழிப்பட்டதா என்பது நம் சமயங்களுக்குப் புதிய கேள்வி. அதற்குப் பழைய விடைகளை எடுத்துப் பொருத்திப் பார்த்தால் சில பொருந்துகின்றன, சில நழுவுகின்றன.

முதலில் நழுவுபவை. எதில் பணம் போடலாம், எதில் கூடாது என்று சமயங்கள் வகுத்த விதிகளில் பெரும்பாலானவை விற்கப்படும் பொருளைப் பார்க்கின்றன. பௌத்த இல்லறத்தாருக்கு விலக்கப்பட்ட வணிகங்கள் ஐந்து: ஆயுதம், மனிதர், இறைச்சி, மது, நஞ்சு. சமண இல்லறத்தாருக்கான பட்டியல் இன்னும் நீளமானது; காட்டை எரிப்பதும் ஏரியை வற்றவைப்பதும்கூட அதில் வரும். இன்றைய இஸ்லாமிய முதலீட்டு வாரியங்கள் மது, சூது, வட்டித் தொழில்களை நீக்கிவிட்டு, நிறுவனத்தின் கடன் விகிதத்தையும் பார்க்கின்றன. கத்தோலிக்க ஆயர்கள் தங்கள் திருச்சபைப் பணத்துக்கென்று வகுத்த நெறிகளும் பெரும்பாலும் இந்தப் பாங்கில்தான் இருக்கின்றன. அறுவை சிகிச்சை ரோபோ இந்தச் சல்லடைகள் எல்லாவற்றையும் எளிதில் தாண்டிவிடும். அது கொல்வதில்லை, மயக்குவதில்லை, வட்டி வாங்குவதில்லை. நோய் தீர்க்கும் கருவி அது. சமணர்கள் நால்வகைத் தானங்களில் ஒன்றாக மருந்தளிக்கும் ஔடத தானத்தை வைத்தவர்கள். அவர்கள் கண்ணில் இது கிட்டத்தட்டப் புண்ணியத் தொழில். பொருள் நல்லதென்றால் லாபமும் நல்லது என்று இங்கே பலர் நின்றுவிடுகிறார்கள். அது போதாது என்பது என் வாதம். பொருளைப் பார்த்தால் மட்டும் போதாது. லாபம் வருவதற்கு உலகத்தில் என்ன நடந்தாக வேண்டும் என்பதையும் பார்க்க வேண்டும்.

இந்தத் துறையில் முதன்மையான நிறுவனம் கலிஃபோர்னியாவின் இன்டியூட்டிவ் சர்ஜிகல். போர்க்களத்தில் காயம்பட்ட சிப்பாயைத் தொலைவிலிருந்தே அறுவை செய்ய முடியுமா என்று அமெரிக்க ராணுவப் பணத்தில் எஸ்.ஆர்.ஐ. ஆய்வகம் நடத்திய ஆராய்ச்சியிலிருந்து முளைத்தது அதன் தொழில்நுட்பம். 1995இல் நிறுவனம் தொடங்கியது. 2000 ஜூனில் பங்குச் சந்தைக்கு வந்தது. அடுத்த மாதமே அதன் டாவின்சி இயந்திரத்துக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. அனுமதி தந்தது. போட்டியாளரான கம்ப்யூட்டர் மோஷன் தயாரித்த ஸீயஸ் என்ற இயந்திரத்தைக் கொண்டுதான் 2001 செப்டம்பரில் நியூயார்க்கில் அமர்ந்திருந்த அறுவை மருத்துவர் ழாக் மாரெஸ்கோ, பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் நகரில் படுத்திருந்த பெண்ணின் பித்தப்பையை அகற்றினார். இரண்டு நிறுவனங்களும் காப்புரிமை வழக்குகளில் மோதிக்கொண்டிருந்தன. 2003இல் ஒன்று மற்றொன்றை வாங்கியது, ஸீயஸ் கைவிடப்பட்டது. ரோபோ என்றதும் தானே அறுக்கும் இயந்திரம் என்று நினைத்துவிடக் கூடாது. மருத்துவர் சற்றுத் தள்ளி ஒரு கன்சோலில் அமர்ந்து விரல்களை அசைக்கிறார். நோயாளியின் உடலுக்குள் சென்றிருக்கும் சிறு கருவிகள் அந்த அசைவை நடுக்கமில்லாமல் செய்கின்றன. குறுகிய இடுப்புக்கூட்டுக்குள் புராஸ்டேட் சுரப்பியை அகற்றுவது போன்ற வேலைகளில் இது எவ்வளவு பெரிய வசதி என்பது அறுவை அரங்கில் நிற்பவர்களுக்குத் தெரியும்.

நம் கேள்விக்கு முக்கியம் நிறுவனத்தின் வருமானம் எப்படி வருகிறது என்பது. 2024இல் அதன் வருவாய் சுமார் 835 கோடி டாலர். அதில் 84 விழுக்காடு மீண்டும் மீண்டும் வரும் வருவாய்: கருவிகள், பராமரிப்பு, வாடகை. இயந்திரத்தை ஒருமுறை விற்பதோடு கணக்கு முடிவதில்லை. அதன் முனையில் மாட்டும் கருவிகளில் பலவற்றுக்கு இத்தனை முறைதான் பயன்படுத்தலாம் என்று எண்ணிக்கை உண்டு. உள்ளே இருக்கும் சில்லு எண்ணிக்கொண்டே வரும், வரம்பு முடிந்ததும் இயந்திரம் அந்தக் கருவியை ஏற்காது. பாதுகாப்புக்காக இந்த வரம்பு என்பது நிறுவனத்தின் நிலை. போட்டியை ஒடுக்கவே இந்த வரம்பு என்று சொல்லி, கருவிகளைச் சீரமைத்து விற்க முயன்ற நிறுவனங்கள் வழக்குப் போட்டிருக்கின்றன. அதில் யார் சொல்வது சரி என்பது இங்கே நமக்கு வேண்டாம். அறுவை நடந்தால் வருமானம், நடக்காவிட்டால் இல்லை; இது தெரிந்தால் போதும். அதனால்தான் இந்நிறுவனத்தின் காலாண்டு அறிக்கைகளில் முதலீட்டாளர்கள் முதலில் தேடும் எண், அறுவைகளின் எண்ணிக்கை எவ்வளவு கூடியது என்பது. 2024இல் டாவின்சி மூலம் நடந்தவை சுமார் 26.8 லட்சம். இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: இந்த நிறுவனம் இதுவரை ஈவுத்தொகையே கொடுத்ததில்லை. ஆகவே பங்குதாரருக்கு லாபம் வரும் வழி ஒன்றுதான்: பங்கின் விலை ஏற வேண்டும். அது ஏற வேண்டுமானால் வருங்காலத்தில் அறுவைகள் இன்னும் பெருகும் என்று சந்தை நம்ப வேண்டும். பங்கை வைத்திருப்பவரின் மனம் எதை விரும்பிக் காத்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

இங்கேதான் பழைய சிந்தனை ஒன்று அழகாகப் பொருந்துகிறது. சமணத்தின் வினைக் கோட்பாடு செயலை மூன்றாகப் பிரிக்கும்: தானே செய்வது, பிறரைக் கொண்டு செய்விப்பது, பிறர் செய்வதற்கு உள்ளத்தால் உடன்படுவது. கிருதம், காரிதம், அனுமதம் என்பார்கள். தத்துவார்த்த சூத்திரம் வினை வந்து ஒட்டும் வழிகளைக் கணக்கிடும்போது இந்த மூன்றோடு மனம், வாக்கு, உடல் என்னும் மூன்றையும், முனைதல், ஆயத்தம் செய்தல், தொடங்குதல் என்னும் மூன்றையும், கஷாயங்கள் எனப்படும் நான்கு மன மாசுகளையும் பெருக்கி 108 என்ற எண்ணுக்கு வருகிறது. பதஞ்சலியின் யோக சூத்திரமும் துன்புறுத்தலைப் பேசும் இடத்தில் இதே மூவகையைச் சொல்கிறது. இந்தப் பகுப்பின் கூர்மை மூன்றாவதில் இருக்கிறது. கையை நீட்டாதவரும், ஆளை ஏவாதவரும், நடப்பதைக் கண்டு உள்ளம் மகிழ்ந்தால் அதில் பங்காளி. நிறுவனத்தின் மேலாளர் ‘செய்விப்பவர்’ என்றால், பங்குதாரர் ‘உடன்படுபவர்’. பங்குச் சந்தை என்பதே உடன்பாட்டை விலைக்கு வாங்கி விற்கும் இடம் என்றுகூடச் சொல்லலாம். பௌத்தத்தில் இதன் மறுபக்கமும் உண்டு: பிறர் செய்த நற்செயலைக் கண்டு மகிழ்பவருக்கும் புண்ணியத்தில் பங்குண்டு. எனவே இந்தக் கோட்பாட்டை ஏற்றால் இரண்டு பக்கமும் எழுதியாக வேண்டும். நன்றாக முடிந்த புராஸ்டேட் அறுவையில் பங்குதாரருக்குப் பங்குண்டு. செய்திருக்கவே வேண்டாத அறுவையிலும் உண்டு. எண்ணிக்கை மட்டும் ஏற வேண்டும் என்று விரும்புகிற மனம் இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை. என் குற்றச்சாட்டு இவ்வளவுதான். நோயிலிருந்து லாபம் வருவது பாவம் என்று நான் சொல்லவில்லை. எதற்கு உடன்படுகிறோம் என்று பார்க்காமலே உடன்படுவதைச் சொல்கிறேன்.

பிரித்துப் பார்க்க வேண்டிய அவசியம் கற்பனையல்ல. கருப்பை வாய்ப் புற்றுநோயின் தொடக்க நிலையில் இருந்த 631 பெண்களை வைத்து நடந்த ஒரு சோதனையின் முடிவு 2018 நவம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. ஒரு பாதிப் பெண்களுக்கு வயிற்றைத் திறந்து அறுவை. மறு பாதிக்குச் சிறு துளைகள் வழியே, லேப்ராஸ்கோப்பியாலோ ரோபோவாலோ. சிறு துளை மேலானது என்பதே அதுவரை பரவலான எண்ணம். தழும்பு சிறியது, ரத்த இழப்பு குறைவு, வீடு திரும்புவது சீக்கிரம். மூன்றாண்டு முடிவில் திறந்த அறுவை பெற்றவர்களில் 99 விழுக்காட்டினர் உயிரோடு இருந்தார்கள். மற்ற பிரிவில் 93.8. இறந்தவர்கள் 3 பேர், 19 பேர். சோதனைக்குப் பெண்களைச் சேர்ப்பதை இடையிலேயே நிறுத்த வேண்டி வந்தது. நேர்மையாகச் சொல்ல வேண்டுமானால் சிறு துளைப் பிரிவில் ரோபோவைக் கொண்டு செய்தவை ஆறில் ஒரு பங்குதான்; பெரும்பாலானவை லேப்ராஸ்கோப்பி. குறையை ரோபோவின் மேல் மட்டும் ஏற்ற முடியாது. ஆனால் அந்த முடிவு வருவதற்கு முந்தைய ஆண்டுகளில் ரோபோவால் நடந்த அத்தகைய அறுவை ஒவ்வொன்றும் காலாண்டு அறிக்கையில் வளர்ச்சியாகவே எண்ணப்பட்டிருக்கும். வேறு எப்படியும் எண்ண அந்த அறிக்கையில் வழியில்லை. 2019 பிப்ரவரியில் எஃப்.டி.ஏ. மார்பகப் புற்றுக்கும் கருப்பை வாய்ப் புற்றுக்கும் ரோபோவைப் பயன்படுத்துவதில் எச்சரிக்கை விடுத்தது.

மறுபக்கச் சான்றையும் வைக்காமல் இந்த வாதம் நிற்காது. சீனாவில் நடந்து 2022இல் முடிவு வெளியான பெரிய சோதனை ஒன்றில், மலக்குடல் புற்றை ரோபோவால் அகற்றியபோது வெட்டிய விளிம்பில் புற்று மிஞ்சியிருந்தது 4 விழுக்காட்டினருக்கு; லேப்ராஸ்கோப்பியில் 7.2. அது சிறிய வித்தியாசமல்ல. அதே ஆண்டு பிரிட்டனில் சிறுநீர்ப்பை அகற்றலை வைத்து நடந்த சோதனையில், முதல் 90 நாட்களில் மருத்துவமனைக்கு வெளியே உயிரோடு கழித்த நாட்கள் ரோபோ பிரிவில் 82, திறந்த அறுவையில் 80. இரண்டு நாள்தான், ஆனாலும் ரோபோவுக்குச் சாதகம். 2016இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் புராஸ்டேட் அகற்றலை ஒப்பிட்டபோது 12 வாரங்களுக்குப் பிறகு சிறுநீர்க் கட்டுப்பாட்டிலோ பாலியல் செயல்பாட்டிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆக, ஒரே இயந்திரம் ஓரிடத்தில் நன்மை, ஓரிடத்தில் பெரிய வேறுபாடில்லை, ஓரிடத்தில் கேடு. இதைப் பற்றி ‘நல்ல தொழிலா கெட்ட தொழிலா’ என்று கேட்பதே தவறான கேள்வி. எந்த உறுப்பில், எந்த நோயில், எதோடு ஒப்பிட்டு என்று கேட்டால்தான் அறம் பேச முடியும்.

இதற்கு முதல் மறுப்பு உடனே வரும்: எந்த நோயாளிக்கு எந்த அறுவை என்று முடிவெடுப்பவர் மருத்துவர், பங்குதாரர் அல்ல, தவறு நடந்தால் பொறுப்பு அவருடையது. பாதி உண்மைதான். ஆனால் கோடிக்கணக்கில் கொடுத்து வாங்கிய இயந்திரம் மருத்துவமனையில் சும்மா நின்றுகொண்டிருக்குமா? 2013இல் ஜாமா இதழில் வெளியான ஓர் ஆய்வு, புற்றல்லாத காரணங்களுக்காகக் கருப்பை அகற்றிக்கொண்ட 2,64,758 அமெரிக்கப் பெண்களின் பதிவுகளை எடுத்துக்கொண்டது. 2007இல் இவற்றில் ரோபோ வழி நடந்தவை 0.5 விழுக்காடு, 2010இல் 9.5. லேப்ராஸ்கோப்பியோடு ஒப்பிட்டால் சிக்கல்கள் ஏறத்தாழச் சமம். செலவு ஒருவருக்கு 2,189 டாலர் கூடுதல். இன்னொரு விவரம் இந்த மறுப்புக்கு நேர் பதில்: முதல் ரோபோ அறுவை நடந்து மூன்றே ஆண்டுகளில், அந்த மருத்துவமனைகளின் கருப்பை அகற்றல்களில் 22.4 விழுக்காடு ரோபோவுக்கு மாறியிருந்தது. நோய் அதே நோய்தான். அரங்கில் புதிதாக வந்தது இயந்திரம். மருத்துவர்கள் மனசாட்சியை அடகு வைத்தார்கள் என்று இதற்குப் பொருளல்ல. வாங்கியதைப் பயன்படுத்தச் சொல்லும் கணக்கு ஒன்று அரங்குக்குள் சத்தமில்லாமல் வந்து நின்றுகொள்கிறது. அந்தக் கணக்கின் மறுமுனையில் வளர்ச்சியை எதிர்பார்க்கும் பங்குதாரர் இருக்கிறார். அது மட்டுமல்ல, மருத்துவருக்கு ஒரு தடை இயல்பாகவே உண்டு: நோயாளியின் முகம். மறுநாள் காலை வார்டில் அவரைப் பார்த்தாக வேண்டும், உறவினரிடம் பேசியாக வேண்டும். பங்குதாரருக்கு அப்படி எந்தத் தடையும் இல்லை. தடை இல்லாத இடத்தில்தான் அறம் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

இரண்டாவது மறுப்பு பொருளாதாரம் படித்தவர்களுடையது, கூர்மையானது. சந்தையில் பங்கு வாங்குகிறவர் கொடுக்கும் பணம் நிறுவனத்துக்குப் போவதில்லை, விற்பவருக்குப் போகிறது. நான் வாங்காவிட்டால் இன்னொருவர் வாங்குவார். உலகத்தில் ஓர் அறுவைகூடக் கூடவோ குறையவோ போவதில்லை. விளைவே இல்லாத செயலில் பொறுப்பு எங்கிருந்து வரும்? விளைவை மட்டும் வைத்து அறத்தை அளப்பவர்களுக்கு இது நல்ல வாதம். ஆனால் இதை ஏற்றால் இன்னொன்றையும் ஏற்க வேண்டும்: நோய் தீர்க்கும் துறையில் பணம் போட்டிருக்கிறேன் என்ற பெருமைக்கும் இடமில்லை, ஏனென்றால் அந்த நன்மையையும் நீங்கள் உண்டாக்கவில்லை. புண்ணியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பாவத்தை விற்றவரிடம் விட்டுவிட முடியாது. மேலும் மூவகைக் கோட்பாடு தொடக்கத்திலிருந்தே விளைவை உண்டாக்கியவரைத் தேடவில்லை. அது தேடுவது, நடப்பதோடு தன் மனத்தைப் பிணைத்துக்கொண்டவரை. நூறு பேர் பார்த்து மகிழ்ந்த வேட்டையில் நூற்றொன்றாமவரின் மகிழ்ச்சியால் ஒரு மான்கூடக் கூடுதலாகச் சாகாது. அவருடைய மகிழ்ச்சி என்ன மாதிரியானது என்ற கேள்வி அதனால் இல்லாமல் போய்விடுமா?

மூன்றாவது மறுப்பை நான் பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறேன். லாப ஆசை இல்லாவிட்டால் இந்த இயந்திரங்கள் ஆய்வகத்திலேயே தூங்கியிருக்கும். ராணுவப் பணம் கருவைத் தந்தது; வளர்த்துப் பல்லாயிரம் அரங்குகளுக்குக் கொண்டுபோனது, தோற்றால் பணம் போகும் என்று தெரிந்தே போட்டவர்களின் முதலீடு. இந்த இடத்தில் நடுக்காலக் கிறிஸ்தவச் சிந்தனையும் இஸ்லாமியச் சட்டமும் வியக்கத்தக்க வகையில் ஒத்துப்போகின்றன. வட்டியைக் கடுமையாக எதிர்த்த தாமஸ் அக்வினாஸ், வணிகரோடு கூட்டாளியாகிப் பணத்தின் இடரைத் தானே தாங்குபவர் லாபத்தில் பங்கு கேட்கலாம் என்றார். இஸ்லாத்தின் முதாரபா ஒப்பந்தத்திலும் பணம் போட்டவர் நஷ்டத்தைத் தாங்குவதால்தான் லாபத்துக்கு உரியவராகிறார். இடரை ஏற்பதே லாபத்தின் நியாயம். சரி, ஆனால் அறுவை அரங்கில் இடர் இரண்டு வகை. பங்குதாரரின் பணத்துக்கு ஓர் இடர். மேசையில் படுத்திருப்பவரின் உடலுக்கு ஓர் இடர். எஃப்.டி.ஏ.வுக்கு 2000 முதல் 2013 வரை வந்த ரோபோ அறுவை நிகழ்வு அறிக்கைகளைத் தொகுத்த ஓர் ஆய்வு 10,624 அறிக்கைகளைக் கண்டது. அவற்றில் 144 மரணங்கள். அந்தக் காலத்தில் நடந்த அறுவைகளின் பெருந்தொகையோடு ஒப்பிட்டால் இது சிறிய எண். ஒவ்வொரு மரணத்துக்கும் இயந்திரமே காரணம் என்றும் அறிக்கைகள் நிறுவவில்லை. என் கவனம் எண்ணின் அளவில் இல்லை. இடரைத் தாங்குபவருக்கு லாபம் என்ற கொள்கையை ஒழுங்காகப் பின்பற்றினால், புதிய முறை ஒன்று இன்னும் நிரூபிக்கப்படாத காலத்தில் தன் உடலைக் கொடுத்தவர்தான் முதல் கூட்டாளி. அவருக்குப் பங்கு கிடையாது. அவருக்கு மற்றவர் பட்டிருக்கும் கடனை ஒரே வகையில்தான் தீர்க்க முடியும்: அவர் உடலில் நடந்ததிலிருந்து உண்மையை முறையாகக் கற்று வெளியிடுவது. சீரற்ற ஒதுக்கீட்டுச் சோதனைகளுக்குப் பணம் ஒதுக்கச் சொல்லியும், ஒவ்வொரு புதிய அறுவை வகையிலும் சான்று வருமுன் விளம்பரம் ஓட வேண்டாமென்று கேட்டும் பங்குதாரர் எழுதினால், வாக்களித்தால், அது தர்ம காரியமல்ல; கூட்டாளிக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி.

இது தொலைதூரத்து அமெரிக்கர்களின் கவலை என்று நாம் ஒதுங்கவும் முடியாது. சென்னை ஓமந்தூரார் அரசு பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையில் 2022 மார்ச் முதல் ரோபோ அறுவை வசதி இருக்கிறது. மக்கள் வரிப்பணத்தில் வாங்கியது. இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் காப்பீட்டில் சேர்க்க வேண்டிய நவீன சிகிச்சைகளில் ரோபோ அறுவையையும் சேர்த்தது. குருகிராமில் உருவாகும் மந்த்ரா என்ற அறுவை ரோபோ, வெளிநாட்டு இயந்திரங்களைவிட விலை குறைவாக இருக்கும் என்ற நம்பிக்கையோடு பரவிக்கொண்டிருக்கிறது. இன்டியூட்டிவ் பங்கு நாஸ்டாக் 100 குறியீட்டில் இருப்பதால், அந்தக் குறியீட்டைப் பின்பற்றும் இந்திய மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் பணம் கட்டுபவர் எவரும், பெயர் தெரியாமலே, இதன் பங்காளி. தெரியாமல் உடன்பட்டவருக்கு வினை உண்டா என்பதில் நம் மரபுகள் ஒருமிக்கவில்லை. எண்ணமே வினை என்ற பௌத்தம் அவரை விட்டுவிடும் என்று தோன்றும். ஆனால் மிலிந்த பண்ஹா என்ற பௌத்த நூலில் நாகசேனர் என்னும் துறவி அறியாமல் செய்பவருக்கே தீங்கு பெரிது என்கிறார், பழுக்கக் காய்ந்த இரும்பை அறியாமல் பிடிப்பவர் கையே அதிகம் வேகும் என்று. சமணம் அறியாமையையே ஒரு கவனக்குறைவாகக் கொள்ளும். பட்டியலில் நூறு நிறுவனங்கள் இருக்கும்போது ஒவ்வொன்றையும் ஆராய மாதச் சம்பளக்காரருக்கு நேரமில்லை என்பது நியாயமான பதில். அவருக்காக அதைப் பார்க்கக் கட்டணம் வாங்குகிற ஃபண்ட் மேலாளருக்கு அந்தப் பதில் இல்லை. அவர் மாதந்தோறும் அனுப்பும் அறிக்கையில் ஈட்டிய விகிதத்தை எழுதுகிறார். எந்த அறுவைகளின் பெருக்கத்திலிருந்து அது வந்தது, அவற்றில் எவற்றுக்குச் சான்று இருக்கிறது என்று அவரிடம் கேட்க முதலீட்டாளருக்கு ஒரு மின்னஞ்சல் போதும்.